என் பெயரில் வளர்ந்த நிழல்

ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. அப்படி ஒரு மதிப்பெண் வந்தால் வேறு பெண்கள் துள்ளிக் குதித்திருப்பார்கள். நான் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் லட்சணம் எனக்குத் தெரியாதா? டியூஷன் மாஸ்டர் எங்களுக்கென்று காகிதத்தில் வைக்கும் பரீட்சைகளில் அறுநூற்று நாற்பதை நான் ஒருநாளும் தாண்டியதில்லை.

"ஏட்டி ராணி, நல்லாப் பாத்துச் சொல்லு. தொளாயிரமா?" என்று அப்பா மூன்றாவது முறையாகக் கேட்டார். அப்பா மினிபஸ் ஓட்டுகிறவர். முடிவு வருகிற நாள் என்று மத்தியான டிரிப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஓடி வந்திருந்தார்.

"தொளாயிரத்து எழுபத்தொண்ணுப்பா."

"யாத்தாடி!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் தெரு முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் வாசலில் மினிபஸ் ஓட்டுநர்கள் சேர்ந்து ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'கோவில்பட்டியின் கோமேதகமே! கடலை ஆளப்போகும் இசக்கிராணியே!' அதில் என் முகத்துக்கு யாருடைய கழுத்தையோ ஒட்டியிருந்தார்கள், பட்டுப்புடவை வேறு. நான் ஆசைப்பட்டது தூத்துக்குடி முத்துக்குளித்துறைக் கடலியல் கல்லூரிக்கு. நாடு முழுவதற்கும் சேர்த்து மொத்தமே அறுபது இடம். அந்த அறுபதில் நான் ஒருத்தி என்று ஊரே நம்பிவிட்டது. நானும் நம்ப எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

இப்போது அந்தத் தேர்வு முறையை மாற்றிவிட்டார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் பரீட்சை எழுதவில்லை. எங்கள் நிழல் எழுதியது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பலகை கொடுப்பார்கள். ஒளித்திரை, கூடவே ஒரு எழுதுகோல். நாம் அதில் படிப்போம், கணக்குப் போடுவோம். நாம் எழுதுவதையும் அதன் முன்னால் பேசுவதையும் வைத்து, நாம் எப்படி யோசிக்கிறோம் என்று அது கற்றுக்கொண்டே வரும். நான்கு வருடத்தில் நம்மைப் போலவே யோசிக்கிற ஒன்று அதற்குள் வளர்ந்துவிடும். அதற்குப் பெயர் நிழல். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒரே நாளில் அந்த நிழல் நமக்காகப் பத்தாயிரம் தடவை தேர்வு எழுதும். அந்தப் பத்தாயிரத்தின் சராசரிதான் நம்முடைய மதிப்பெண்.

வினாத்தாள் வெளியாகாது. காய்ச்சல் வந்து ஒருத்தி தோற்கமாட்டாள். பயத்தில் மறந்துபோச்சு என்ற பேச்சே இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று மணி நேரப் பரீட்சை போய் நான்கு வருடப் பரீட்சை வந்தது, அவ்வளவுதான். எந்நேரமும் ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றால் அதன் முன்னால் தப்புப் பண்ண எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்?

எங்கள் டியூஷன் மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்த மந்திரம் இது: "தப்பைத் தரையில போடு, சரியைப் பலகையில போடு." எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்தோம். எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கணக்கைப் போடுவேன். தப்பாக வந்தால் ஈரத்துணியால் அழித்துவிட்டு மறுபடி போடுவேன். சரியாக வந்த பிறகுதான் அதைப் பலகையில் ஒரு அடித்தல் இல்லாமல் அழகாக எழுதுவேன். முழங்கால் இரண்டும் காய்த்துப்போயிருந்தன.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பலகையைக் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அது தூங்கிவிடும். தினமும் ஆறு மணி நேரம் விழித்திருக்கவில்லை என்றால் 'நேரக் குறைவு' என்று சிவப்பில் காட்டும். பலகையை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. நாங்கள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவோம். ஆறு மணி நேரத்துக்கு எங்கே போவது? அதனால் வீட்டில் இருக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவோம். "எம்மா, பலகை தூங்கிராமப் பாத்துக்கோ." எல்லா வீட்டிலும் இதுதான் நடந்தது. எங்கள் அம்மா செண்பகவல்லி வீட்டிலேயே நைட்டி தைக்கிறவள். கால் மிஷினை மிதிக்கும், கை அவ்வப்போது பலகையைத் தட்டும்.

ஃபிளெக்ஸ் வைத்த மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. முதல் அறுபது பேரில் நான் இருப்பதாகவும், இடம் உறுதியாகுமுன் பாதுகாவலர் ஒருவரோடு மெய்ப்பார்வைக்கு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. மெய்ப்பார்வை என்றால் நிழலையும் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கூடவே 'நிழல் குறிப்பு' என்று ஒரு தாள். என் நிழல் எப்படி யோசிக்கிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லியிருந்தார்கள்.

'மாணவி புதிய கணக்கைக் கண்டதும் முதலில் அதைத் திட்டுகிறார். பிறகு வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளை வைத்து யோசிக்கிறார். முதல் முயற்சியில் பெரும்பாலும் தவறுகிறார். தவறு தெரிந்ததும் சிரிக்கிறார். சராசரியாகப் பதினொரு விநாடியில் தவறிய இடத்தைக் கண்டுகொள்கிறார். பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை மிகத் தெளிவாகச் சிந்திக்கிறார்.'

பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை நான் வேதியியல் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவேன். தப்பு வந்தால் நான் சிரிக்கமாட்டேன், அழுவேன். தாளை இரண்டாம் முறை படித்தபோது மிஷின் சத்தம் காதில் விழுந்தது. அம்மா கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்துவிட்டது. "சனியனே, இப்பத்தான் அறுவியா?" என்று அதைத் திட்டினாள். உடனே தானே சிரித்தாள்.

தாளோடு மிஷின் பக்கம் போனேன்.

"எம்மா, பலகைய நீ என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுனேன்? தூங்காமப் பாத்துக்கிட்டேன். நீதான சொன்ன?"

"சும்மா தட்டிக்கிட்டு இருந்தியா, இல்ல வேற ஏதாவது பண்ணியா?"

அம்மா ஊசியை நிறுத்தினாள். "கண்ணு முன்னால கேள்வி கெடக்குல்லாட்டி. என்னதான் கேக்கான்னு பாப்பமேன்னு ஒண்ணு ரெண்டு போட்டுப் பாத்தேன்."

"ஒண்ணு ரெண்டுன்னா?"

"தெனம் ஒரு இருவது இருக்கும். முப்பதும் இருக்கும். அம்புட்டும் தப்புத்தான். நான் தப்பாப் போட்டா எவன் பாக்கப் போறான்? நீ ராத்திரி வந்து ஒப்பிக்கும்போது எனக்கும் வெளங்குச்சுன்னா கேள்வி கேக்க வசதியா இருக்கும்லா."

நான்கு வருடம், தினம் இருபது. முப்பதாயிரம் கணக்குக்குப் பக்கம். கடிதத்தின் கடைசி வரியை அம்மாவிடம் காட்டினேன். 'பலகையை வேறொருவர் பயன்படுத்தியது தெரிந்தால் மாணவருக்கு மூன்று ஆண்டு தடை.' அதைப் படித்ததும் அம்மாவின் முகம் செத்துவிட்டது.

"உன் வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டேனேட்டி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. நான் முழங்கால் தேய முட்டிமோதி அறுநூற்று நாற்பது. இவள் நைட்டி தைத்துக்கொண்டே தொள்ளாயிரத்து எழுபத்தொன்றா? இது என்ன நியாயம்? அன்றைக்கு அவள் போட்ட சோற்றை நான் சாப்பிடவில்லை.

அப்பா கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "யாரும் மூச்சு விடக்கூடாது. பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் நிக்கி. அவுகளாக் கண்டுபிடிச்சாப் பாத்துக்கிடலாம்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லுதீகளா?" என்றாள் அம்மா.

"மறைச்சுத்தான் ஆகணும். புள்ளைக்கு மூணு வருஷம்னா சும்மாவா?"

தூத்துக்குடிக்கு நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். எட்டயபுரம் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நானும் ஒருக்கா எழுதுனேன்ட்டி, இந்த மாதிரிப் பரீட்சை. பன்னெண்டாவது முடிச்சதும். மதுரையில."

"நீயா? சொன்னதே இல்ல."

"என்னத்தச் சொல்ல? எல்லாம் தெரிஞ்ச கேள்வி. ஆனா நாலு பேரு நடந்து நடந்து பாத்துக்கிட்டே இருந்தாக. கை வெறச்சுப் போச்சு. பாதித் தாள வெள்ளையாக் குடுத்துட்டு வந்தேன். அந்த ஆவணியிலயே கல்யாணம். சவத்த தள்ளு, அது கெடக்கட்டும்."

என் கோபம் அந்த இடத்தில்தான் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை. பாதி.

கல்லூரி கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. எங்களை அழைத்தவர் பேராசிரியர் ரெஜினா ஃபெர்னாண்டோ. ஐம்பது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய முடி, காலில் ரப்பர் செருப்பு. அம்மாவையும் என்னையும் உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் கேள்விக்கு வந்தார்.

"ஒரு சின்னக் குளம். அதுல கல்லு ஏத்துன தோணி மெதக்குது. கல்ல எல்லாம் எடுத்துக் குளத்துக்குள்ள போட்டுட்டா, குளத்துத் தண்ணி மட்டம் ஏறுமா, எறங்குமா?"

"குறையும் மேடம்" என்றேன். டியூஷன் நோட்டில் இருபத்தேழாம் கேள்வி.

"ஏன்?"

நோட்டில் இருந்த பத்தியைக் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். இதே கேள்விக்கு நிழல் எழுதியிருந்தது: 'கல்லு எங்க போகும், குளத்துக்குள்ளதான் கெடக்கு, அப்ப மட்டம் மாறாது. சே, இல்லை. அண்டாத் தண்ணியில் கிண்ணத்தை மிதக்கவிட்டு அதில் அம்மிக்குழவியை வைத்தால்...'

பக்கத்தில் திரும்பினேன். அம்மாவின் உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. 'கிண்ணம்' என்று அவள் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருவரும் உட்கார்ந்திருந்தோம். இன்னும் எவ்வளவு நேரம் இந்தக் கூத்து?

"மேடம், அது என் நிழல் இல்ல" என்று எழுந்துவிட்டேன். "எங்கம்மாவோடது. நான்தான் பலகைய அவகிட்ட குடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தடை போட்டா எனக்குப் போடுங்க."

"ஐயோ, இல்ல மேடம்! புள்ள சின்னது, அதுக்கு என்ன தெரியும்? நான்தான் கோட்டிக்காரி மாதிரி அதுல கிறுக்கிக்கிட்டுக் கெடந்தேன்!"

"நீ சும்மா இரும்மா."

"நீ சும்மா இரு."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் பேராசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. "ராணி, உக்காரு. நாலு வருஷமா நீயும் இதுல எழுதிருக்கியே, அதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சியா?"

நான் அதுவரை அதை யோசித்திருக்கவேயில்லை.

"நீ எழுதுன எல்லாமே சரி. ஒரு அடித்தல்கூட இல்ல. சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான இருக்கும்? அதுல இருந்து உன்னப் பத்தி அது என்னத்தக் கத்துக்கும்? ஒருத்தர் எப்படித் தப்புப் பண்ணுறாங்க, எப்படித் திரும்பி வாராங்க, அதுலதான் அவங்க இருக்காங்க. நீ எழுதுனத எல்லாம் 'பார்த்து எழுதினது'ன்னு நிழல் ஒதுக்கிருச்சு. இதே பலகையில யாரோ வாழ்ந்துருக்காங்கல்லா, அவங்ககிட்ட இருந்து வளந்துருச்சு." என் பக்கம் குனிந்தார். "உன் தப்பெல்லாம் எங்க ராணி?"

"தரையில போட்டேன் மேடம். அழிச்சிட்டேன்."

"நாலு வருஷமுமா?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் தரையில் நான் எத்தனை தடவை விழுந்து எழுந்திருப்பேன்! மாஸ்டர் பேச்சைக் கேட்டு என்னை நானே ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வாளியில் பிழிந்திருக்கிறேன். அம்மா என் முதுகைத் தடவினாள்.

"தடைங்கிறது ஏமாத்துறவங்களுக்கு" என்றார் பேராசிரியர். "இங்க யாரு யார ஏமாத்துனது? எங்க விதியில இன்னொண்ணு இருக்கு. நிழல் யாரு சிந்தனையில வளந்துச்சோ அவங்களுக்குத்தான் இடம். பெரிய இடத்துப் பிள்ளைங்க அடுத்தவன் நிழலத் தூக்கிரக் கூடாதுன்னு எழுதுனது. பன்னெண்டாவது தேறியிருக்கணும், அவ்வளவுதான். வயசப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. யாருக்கும் தோணல." அம்மாவின் பக்கம் ஒரு வெற்றுப் பலகையைத் தள்ளினார். "ஆனா இந்த நிழல் உங்களோடதுதான்னு நான் கண்ணால பாக்கணும். புதுக் கேள்வி ஒண்ணு. போடுங்கம்மா."

அம்மா எழுதுகோலை எடுத்தாள். பேராசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த கேமராவும் பார்த்தது. அம்மாவின் விரல்கள் வெளுத்துப்போயின. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. பலகையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மதுரையில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு வராது மேடம். விட்டுருங்க" என்றாள். எழுதுகோலை மேஜையில் வைத்துவிட்டாள்.

விடுவதா? எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்து மறுபடியும் இவள் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவாளா? அந்தப் பலகையையும் எழுதுகோலையும் என் பக்கம் இழுத்தேன்.

"அவ கெடக்கா மேடம். நான் போடுதேன்." கேள்வியைச் சத்தமாக வாசித்தேன். அதே குளம், அதே தோணி. கல்லுக்குப் பதில் உப்பு மூட்டை. உப்பைக் குளத்தில் கொட்டினால் எல்லாம் கரைந்துவிடுகிறது. மட்டம் என்ன ஆகும்? "இது ஒரு கேள்வியா? உப்பு கரைஞ்சா தண்ணி கூடத்தான செய்யும். மட்டம் ஏறும் மேடம்."

"ஏறாதுட்டி" என்றாள் அம்மா.

"ஏறும்."

"ஏறாதுங்கேன்லா!"

"ஏறும்ங்கேன். நைட்டி தைக்கவளுக்குத் தோணியப் பத்தி என்ன தெரியும்?"

அப்படிச் சொன்னதற்கு என் நாக்கில் சூடு போடலாம். ஆனால் அது வேலை செய்தது.

"இங்க குடு மூதி!" என்று எழுதுகோலைப் பிடுங்கினாள். "கேள்வி கேக்கான் பாரு கேள்வி, போக்கத்த பய. கல்லுக்கு எறங்குச்சு. உப்பு கரைஞ்சு தண்ணியாவே ஆயிருது, அப்ப தோணியில இருந்தாலும் ஒண்ணு, குளத்துல இருந்தாலும் ஒண்ணு. மட்டம் மாறாது." எழுதினாள்.

பேராசிரியர் தன் திரையை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சாய்த்தார். அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே நிழல் எழுதி முடித்திருந்தது: 'மட்டம் மாறாது.' அதே தப்பு, அதே இடத்தில்.

அம்மா தான் எழுதியதைப் பார்த்தாள். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்பது, பத்து. அவள் சிரித்தாள்.

"நான் ஒரு கூறுகெட்டவ. ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு கரண்டி உப்பப் போட்டா வழியவா செய்யுது? கரைஞ்ச உப்பு துளி எடந்தான் எடுக்கும். தோணிக்குள்ள இருந்தப்போ தன் எடைக்குச் சமமாத் தண்ணியத் தள்ளி வெச்சிருந்துச்சு. அது எம்புட்டு, இது எம்புட்டு? எறங்கத்தான் செய்யும். கல்லுக்கு எறங்குனதவிட ஜாஸ்தியா எறங்கும்."

திரையில் நிழல் வரிக்கு வரி அவளுக்கு முன்னால் ஓடியது. டம்ளர்கூட வந்தது. 'ஜாஸ்தியா எறங்கும்' என்பதற்குக் கீழே கோடு இழுத்து நிழல் நின்றுவிட்டது. விடை முடிந்தது. பேராசிரியர் பேனாவை மூடினார்.

அம்மா நிற்கவில்லை.

"இருங்க மேடம், இன்னொண்ணு இருக்கு. குளம் இப்ப உப்புத்தண்ணியா ஆயிருச்சுல்லா? நல்ல தண்ணியில முங்குத முட்டை உப்புத்தண்ணியில மெதக்கும். அப்ப இந்தத் தோணியும் முந்தி மாதிரி அமுங்கி நிக்காது, கொஞ்சம் மேல எந்திரிக்கும். அது எந்திரிச்சா மட்டம் இன்னும் கொஞ்சம் எறங்கும்." எழுதுகோலைக் கீழே வைத்தாள். "சரியா மேடம்? தப்பா இருந்தா இன்னொருக்கா போடுதேன்."

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இத நிழல் எழுதலயே" என்றார். "போன மாசத்தோட அது வளந்தது நின்னுபோச்சு. இவங்க நிக்கல."

நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினேன். எனக்கு இடம் போன துக்கம் ஒரு பக்கம் இழுக்கிறது. மறுபக்கம், ஏ உலகமே, பார்த்துக்கொள், இவள் என் அம்மா என்று கத்தவேண்டும்போல இருக்கிறது. இரண்டும் பொய்யில்லை. கடைசியில் இரண்டாவதுதான் ஜெயித்தது.

சேர்க்கைப் படிவத்தில் பெயர் எழுதுகிற இடத்தில் பேராசிரியர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மேடம், புள்ள பேரையே எழுதிருங்க" என்றாள் அம்மா. "எனக்கு இனிமே எதுக்கு? வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு. தீபாவளி ஆர்டர் வேற."

"நீ சேரலைன்னா நான் சாகுற வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன்" என்றேன். "இந்த எடம் எனக்குக் கெடச்சாலும் நான் இங்க உக்காந்து என்ன செய்ய? இருபத்தேழாம் கேள்விய ஒப்பிக்கவா?"

அப்பாவுக்கு ஃபோன் போட்டோம். நடந்ததை நான்தான் சொன்னேன். அந்தப் பக்கம் மினிபஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"எப்பா, இருக்கீகளா?"

"இருக்கேன்." தொண்டையைச் செருமினார். "அவ கெட்டிக்காரின்னு எனக்கு எப்பவோ தெரியும். நான்தான் கேக்காமலே இருந்துட்டேன். சேரச் சொல்லு." பிறகு, "ஃபிளெக்ஸ்ல தலைய மாத்தணும். பட்டுச்சேலை ஏற்கெனவே இருக்கு" என்றார்.

பேராசிரியர் 'செண்பகவல்லி' என்று எழுதினார். என்னிடம் ஒரு புதுப் பலகையைக் கொடுத்தார். "உனக்குத் தடை ஒண்ணும் இல்ல. அடுத்த தேர்வுக்கு ஒரு வருஷம் இருக்கு. தப்ப மறைக்கலைன்னா நிழல் அதுக்குள்ளயே வளந்துரும். இதுல இஷ்டத்துக்குத் தப்புப் பண்ணு. தரையப் பெருக்குறதுக்கு மட்டும் தொடு."

கல்லூரி திறந்த அன்றைக்கு அம்மாவின் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் பாயும் தலையணையும். பஸ் ஏறியதிலிருந்து ஒரே புலம்பல்.

"பூராம் பதினேழு வயசுப் புள்ளைகளா இருக்கும்ட்டி. நடுவுல நான் கெழவி மாதிரி நிப்பேன். பாத்துச் சிரிப்பாக."

"சிரிச்சா நீயும் சிரி. அதான் உனக்கு நல்லா வருதே."

வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, எனக்கும் அதே பயம்தான். இந்த நாட்டிலேயே இப்படி ஒரு கூத்து எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். கல்லூரி வாசலில் நல்ல கூட்டம். பையன்கள், பெண்கள், பக்கத்தில் அவரவர் வீட்டுப் பெரியவர்கள். பெட்டி, வாளி, ஊறுகாய் பாட்டில். வழக்கமான முதல் நாள் கூட்டம்தான். அம்மா என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

காவலாளி கேட்டைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"புதுசாச் சேருறவங்க மட்டும் உள்ள வாங்க. கூட வந்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்க."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஜீன்ஸ் போட்ட பையன் ஒருவன் தோளில் இருந்த பையைக் கழற்றி, பக்கத்தில் நின்ற மல்லிகைப்பூ வைத்த அம்மாளின் தோளில் மாட்டிவிட்டான். அந்த அம்மாள் உள்ளே போனாள். இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி தன் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். கையில் மாத்திரை டப்பாவோடு ஒருத்தி, மூக்குத்தி போட்ட ஒருத்தி, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். எண்ணினேன். அறுபதில் இருபத்து மூன்று பேர் பெரியவர்கள்.

வெளியே நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்கம்மாவா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"ஆமா. உனக்கு?"

"பெரியம்மா. பலகை தூங்கிரக் கூடாதுன்னு குடுத்தேன்."

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா கேட்டைத் தாண்டிப் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி ராணி! அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு..."

"பெல் அடிச்சாச்சும்மா, நீ உள்ள போ!" என்று கத்தினேன்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, அம்மா வகுப்புக்கு ஓடினாள்.